கூகுள் பிசினஸ் புரொஃபைல்: எங்க தையல் கடைக்கு ரொம்ப உதவுச்சு

பினாங்கு லிட்டில் இந்தியாவுல அம்மாவோட தையல் கடைக்கு வெப்சைட் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, ஆனா தேடினா நாங்க எங்கயுமே வரல. மாசாமாசம் காசு கட்டுனா கூகுள் மேப்புல முதல் இடம்னு ஒரு ஏஜென்ட் சொல்லி வாங்கிட்டுப் போனாரு, ஒண்ணும் நடக்கல. லோக்கல் ரேங்கிங்க, அதாவது பக்கத்துல கடை தேடுறப்போ யாரு முதல்ல வர்றாங்கங்கற வரிசைய, காசு குடுத்து வாங்க முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு!

அப்புறம் நானே உக்காந்து கூகுள் பிசினஸ் புரொஃபைல்ல, அதாவது கூகுள் தேடல்லயும் மேப்புலயும் கடை விவரத்த காட்டுற பக்கத்துல, மேப்புல ஏற்கனவே கிடந்த எங்க கடைய எங்களோடதுன்னு கிளெய்ம் பண்ணேன், இது ஃப்ரீதான். கடை நிஜமாவே எங்களோடதான்னு வெரிஃபை பண்ண கூகுள் வீடியோ கேட்டுச்சு, தெரு, போர்டு, அம்மா ஷட்டர் பூட்டத் திறக்கறது, உள்ள தையல் மெஷின் வரைக்கும் ஒரே ஷாட்ல எடுத்து அனுப்பினேன். கேட்டகரி துணிக்கடைன்னு இருந்துச்சு, அத தையல்காரர்னு மாத்தினதுக்கு அப்புறம்தான் பிளவுஸ் தைக்க தேடுறவங்க கண்ணுல பட்டோம், ஏன்னா தேடுறதுக்குப் பொருத்தமா இருக்கா, எவ்ளோ பக்கத்துல இருக்கு, எவ்ளோ பேருக்குத் தெரிஞ்ச கடை, முக்கியமா இந்த மூணத்தான் கூகுள் பாக்குது. வெப்சைட்ல பழைய போன் நம்பர் வேற இருந்துச்சு, அதையும் சரி பண்ணேன்.

ஒரு அக்கா தீபாவளி பிளவுஸ் போட்டோவோட தமிழ்லயே ரிவியூ போட்டாங்க, அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவ வாசிச்சாங்க. ஒரே குறை, வெளியாளுங்களும் கடை நேரத்த மாத்தச் சொல்லி எடிட் அனுப்பலாம், அதனால அப்பப்போ போய்ப் பாத்துக்கணும். தைப்பூசத்துக்கு கடை மூடுறதா இருந்தா புரொஃபைல்ல விசேஷ நாள் நேரம் போடுற ஸ்பெஷல் ஹவர்ஸ்ல மறக்காம போட்டுடுங்க.