கயோட்டி உருளை: வாங்கலாமா?

கயோட்டி என்பது ஓநாய் இனத்தைச் சேர்ந்த, நரி போன்ற காட்டுவிலங்கு. அது சுவரேறி உள்ளே வராமல் தடுக்கத்தான் இந்த உருளை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறடிச் சுவர் இருந்தால் வாங்குங்கள். நாலடி வேலிக்கு வாங்குவது தண்டச்செலவு.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், இர்வைனில். வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு. அதில் முயலும் தரை அணிலும் ஏராளம், அதனால் கயோட்டியும் உண்டு. எங்கள் பாமரேனியனின் பெயர் ஜிலேபி. கயோட்டியின் கண்ணுக்கு அது கொஞ்சம் கொழுத்த முயல், அவ்வளவுதான்.

சாமான் ரொம்ப எளிமையானது. சுவரின் உச்சியில் பிராக்கெட் அடித்து, நடுவே கம்பி இழுத்து, அதில் அலுமினியக் குழாய்களைக் கோத்துவிடுகிறார்கள். தொட்டால் சுழலும். கயோட்டி உயரமான சுவரை ஒரே பாய்ச்சலில் தாண்டுவதில்லை. எகிறி முன்னங்கால்களை மேலே போட்டு, பிடி கிடைத்ததும் பின்னங்கால்களால் உந்தி ஏறும். பிடியே உருண்டுவிட்டால் வந்த பக்கமே இறங்க வேண்டியதுதான். மின்சாரம் கிடையாது, முள் கிடையாது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

கேமராவில் பார்த்தேன். எகிறியது, குழாய் சுழன்றது, சறுக்கி இறங்கியது. இன்னொரு தரம் முயன்றுவிட்டு, சுவர்மேல் சிறுநீர் கழித்துவிட்டு நடையைக் கட்டியது. அதற்காக நட்சத்திரம் குறைக்கவில்லை.

“இவ்வளவு செலவு எதுக்கு? ஆளைக் கூப்பிட்டுப் பிடிச்சுட்டுப் போகச் சொன்னா ஆச்சு” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். இந்த மாநிலத்தில் பொறியில் சிக்கிய கயோட்டியை வேறு காட்டில் கொண்டுபோய் விட அனுமதி இல்லை. சிக்கிய இடத்திலேயே விட வேண்டும், இல்லையென்றால் கொல்ல வேண்டும். கொன்றாலும் அந்த இடம் காலியாகக் கிடக்காது. சரிவில் முயல் இருக்கும்வரை அடுத்த கயோட்டி வந்து குடியேறும். வடக்கே மரின் மாவட்டத்தில் 2000 வாக்கில் கொல்லும் ஏற்பாட்டைக் கைவிட்டு, ஆடு வளர்ப்பவர்கள் வேலி போடவும் காவல் நாய் வைக்கவும் பணம் கொடுத்தார்கள். பண்ணைக்கே அது சரிப்பட்டு வரும்போது ஒரு பாமரேனியனுக்கு ஆகாதா?

குறைகளுக்கு வருகிறேன். கூட வந்த திருகுகள் மரவேலிக்கானவை. எங்களுடையது கான்கிரீட் கல் சுவர், கான்கிரீட்டில் திருகு பிடிக்க வைக்கும் ஆங்கரைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. விற்றவரிடம் கேட்டால் ‘எல்லா வேலிக்கும் பொருந்தும்’ என்ற பல்லவிதான். சான்டா ஆனா என்ற பலமான வறண்ட காற்று அடிக்கும் நாட்களில் கடகடவென்று சத்தம் கேட்கும், படுக்கையறை பக்கத்தில் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். குடியிருப்புச் சங்கத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், உருளை மேல்பக்கத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். மண்ணைத் தோண்டி நுழையாமல் இருக்க, மரக்கதவின் அடியில் கம்பிவலையை வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தோம். சுவரை ஒட்டிக் கிடந்த பெஞ்சையும் தள்ளிப்போட்டோம், இல்லையென்றால் அதுவே ஏணி. அத்திப்பழம் உதிர்ந்தால் அன்றைக்கே பொறுக்கிவிடுகிறேன். கயோட்டி பழமும் தின்னும், பழத்துக்கு வரும் எலியையும் தின்னும். நாய்ச்சோறு வெளியே வைப்பதில்லை. இதையெல்லாம் செய்யாமல் உருளை மட்டும் மாட்டிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று ஒரு நட்சத்திரம் போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

நடைக்குப் போகும்போது உருளை கூட வராது. எதிரே கயோட்டி நின்றால் நாயைத் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று கத்த வேண்டும். முதுகைக் காட்டி ஓடக்கூடாது. காசு போட்டு மூடிய தகர டப்பாவை ஆட்டினால் இன்னும் நல்லது. குட்டி போட்டிருக்கும் வசந்தகாலத்திலும் கோடையிலும் மட்டும் சரிவுப் பாதையை விட்டுவிட்டு வேறு தெருவில் போகிறோம். அந்தச் சமயத்தில் விலகிப்போக வேண்டியது நாம்தான்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். போன ஒரு நட்சத்திரம் அந்தத் திருகுகளுக்கு. உங்களுடையது இரும்புக் கம்பி வேலி என்றால், வாங்குவதற்கு முன் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். நாலு அங்குலத்துக்கு மேல் இருந்தால் முதலில் அதை வலை போட்டு அடையுங்கள், உருளையை அப்புறம் பார்க்கலாம்.