பிரசவத்துக்குப் பின் விலகிய வயிற்றுத் தசைக்கு அறுவை சிகிச்சை: கோவை மருத்துவமனை ஒன்றில் நான் கண்டது

இரண்டாவது பிரசவமாகி மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகும், தெருமுனைப் பூக்கார அம்மா முழம் போட்டபடியே "எத்தனாவது மாசம் கண்ணு?" என்று கேட்டார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தோன்றும். உடல் எடை பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. ஆனால் மாலையானால் வயிறு முன்தள்ளிக்கொள்ளும். அடுப்படியில் அரை மணி நேரம் நின்றால் இடுப்பு விட்டுப்போகும். பிரசவித்த மறுநாள் முதல் நாற்பது நாளும் மாமியார் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார். அந்தக் கட்டு நிமிர்ந்து நடக்க உதவியதே தவிர, விலகிய தசையைச் சேர்த்துவைக்கவில்லை. கடந்த ஆண்டு கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அங்கே கிடைத்த நல்ல சிகிச்சையும் பட்ட எரிச்சலும் இதில் சேர்ந்தே வருவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப்பட்டைகளை லீனியா ஆல்பா என்னும் வெண்ணிற இணைப்புத் திசு பிணைத்து வைத்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் அது இழுபட்டு மெலிந்து, தசைகள் இருபுறமும் ஒதுங்குகின்றன. பிரசவத்துக்குப் பின் முதல் எட்டு வாரங்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் தானே சுருங்கும். அதன் பிறகு வேகம் குறைந்துவிடும். இடைவெளி 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதைத் தசை விலகல் என்கிறார்கள். இதில் திசு மெலிகிறதே ஒழிய ஓட்டை விழுவதில்லை என்பதால் இது குடலிறக்கம் (ஹெர்னியா) அன்று. ஆனால் மெலிந்த இடத்தில் தொப்புள் குடலிறக்கமும் கூடவே வருவதுண்டு. எனக்கு வந்தது.

முதலில் சென்றது ஓர் அழகுசாதன சிகிச்சை நிலையம். அங்கே மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் ஆலோசகர் ஒருவர் டேப்லெட்டில் 'முன், பின்' படங்களைக் காட்டி, கொழுப்பு உறிஞ்சும் லிப்போசக்ஷனையும் ஒரு மாத பெல்ட்டையும் சேர்த்து பேக்கேஜ் விலை சொன்னார். அந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடியும் உண்டு என்றார். யாரும் என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. கொழுப்பை உறிஞ்சினால் தசை எப்படிச் சேரும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார், மேடம்" என்பதே பதில். தசை விலகலை லிப்போசக்ஷன் சரிசெய்யாது என்பது எனக்குப் பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாவதாகச் சென்ற மருத்துவமனையில் குடலிறக்க அறுவை சிகிச்சை செய்யும் பெண் மருத்துவர் முதலில் என்னை முழங்காலை மடக்கி மல்லாந்து படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை வயிறு மீன் முதுகு போலக் கூம்பி எழுந்தது. அந்த மேட்டில் அவர் விரலை வைத்து அழுத்தியபோது மூன்று விரல்கள் தடையில்லாமல் உள்ளே இறங்கியதை நானே தொட்டுப் பார்க்கும்படி என் கையையும் பிடித்து வைத்தார். ஸ்கேனில் இடைவெளி 42 மில்லிமீட்டர். அதன் பிறகும் கத்தியைப் பற்றிப் பேசவில்லை. அடிவயிற்றின் உட்தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளுக்காக ஆறு மாதம் பிசியோதெரபிக்கு அனுப்பினார். முதுகுவலி பாதியாகக் குறைந்தது. இடைவெளி 39 மில்லிமீட்டரில் நின்றது. இனி குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேனா, எடை ஓராண்டாக ஒரே நிலையில் இருக்கிறதா, தாய்ப்பால் நிறுத்தி எத்தனை மாதம் ஆகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வாங்கிய பிறகே அறுவை சிகிச்சை முறைகளைப் பற்றிப் பேசினார்.

அந்த நாற்பது நிமிடப் பேச்சுக்காகவே இந்த மருத்துவமனையைப் பரிந்துரைக்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் வயிற்றின் குறுக்குவெட்டை வரைந்து, தோல், கொழுப்பு, தசையுறை, தசை என்று அடுக்கடுக்காகக் கோடிட்டு, ஒவ்வொரு முறையும் எந்த அடுக்கில் வேலை செய்கிறது என்று காட்டினார். திறந்த முறையில், சிசேரியன் தழும்பின் மட்டத்தில் இடுப்பெலும்பு முதல் இடுப்பெலும்பு வரை கீறி, தோலைக் கொழுப்போடு விலா எலும்பு வரை தூக்கி, விலகிய தசையுறையை நெஞ்சுக்குழி முதல் அடிவயிறு வரை மடித்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். டம்மி டக் என்று விளம்பரங்களில் வருவது இதுதான். எண்டோஸ்கோபி முறையில், அடிவயிற்றில் மூன்று சிறு துளைகள் வழியாக வாயுவைச் செலுத்தித் தோலுக்கும் தசையுறைக்கும் நடுவே இடம் உண்டாக்கி, அதே தையலை உள்ளிருந்தே போட்டு, தேவைப்பட்டால் மேலே மெஷ் எனப்படும் செயற்கை வலையும் பதிக்கிறார்கள். தழும்பு குறைவு, ஆனால் பிரித்த இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும் தொல்லை இதில் அதிகம். மூன்றாவது இ-டெப் (eTEP) எனப்படுவது. தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்காக கொலம்பியாவின் ஹோர்ஹே டேஸ் 2012இல் விவரித்த நுட்பத்தைப் பிற்பாடு முன்வயிற்றுக்கும் விரித்தார்கள்; இதில் தசைக்குப் பின்னால், குடலைத் தொடாத அடுக்கில் பெரிய வலை விரிக்கப்படுகிறது. குடலிறக்கம் பெரிதாக இருப்பவர்களுக்கு இது பொருந்தும், ஆனால் தேர்ந்த கை வேண்டும்.

நான் மனத்தளவில் எண்டோஸ்கோபியை முடிவுசெய்துகொண்டுதான் போயிருந்தேன். மருத்துவர் என் தொப்புளுக்குக் கீழே தொங்கும் தோலைக் கிள்ளிப் பிடித்துக் காட்டி, துளை வழியாகத் தைத்தால் தசை சேரும், இந்தத் தோல் அப்படியே நிற்கும், உள்ளே இறுக்கியதால் முன்னைவிடச் சுருக்கமாகவும் தெரியலாம் என்றார். தோல் இறுக்கமாக உள்ளவர்களுக்கே அந்த முறை அழகாக வரும். எனவே அவரும் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரும் சேர்ந்து திறந்த முறையில், குடலிறக்கத்தையும் அதே அமர்வில் சரிசெய்வது என்று முடிவாயிற்று. எளிதில் கரையாத தையல் இரண்டு அடுக்காகப் போடப்படும் என்பதையும், என் குடலிறக்க ஓட்டை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதால் வலை தேவைப்படாமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். அப்படியே நடந்தது.

அறுவை சிகிச்சை மூன்று மணி நேரம். அன்று மாலையே கைத்தாங்கலாக எழுப்பி நடக்கவைத்தார்கள்; காலில் இரத்தம் உறையாதிருக்க இறுக்கமான காலுறையும் ஊசியும் தந்தார்கள். முதல் ஐந்து நாள் நிமிரவே முடியாது. வளைந்துதான் நடந்தேன், தலைமாட்டை உயர்த்தி முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத்தான் உறங்கினேன். வலியைக் கட்டுப்படுத்திய விதம் நேர்த்தி. இருமும்போது வயிற்றைத் தலையணையால் அணைத்துக்கொள்ளச் சொல்லித்தந்த செவிலியர் அக்காவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆறு வாரம் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பைண்டர் பட்டை, எட்டு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. என் மகள் பதின்மூன்று கிலோ. அவளைத் தரையில் உட்கார்ந்தே மடியில் ஏற்றிக்கொண்டேன்.

குறை வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கியது. வயிற்றின் இருபுறமும், உள்ளே கோக்கும் நீரை வெளியேற்றும் ட்ரெயின் குழாய்களோடு அனுப்பினார்கள். ஒவ்வொரு நாளும் சேரும் நீரை மில்லிலிட்டரில் குறித்து, தொடர்ந்து இரண்டு நாள் முப்பதுக்குக் கீழே வந்தால் எடுக்க வரச் சொன்னார்கள். எப்படிக் காலிசெய்வது, மறுபடி எப்படி அழுத்தி மூடுவது என்று எழுதித் தந்த தாள் எதுவும் இல்லை. மூன்றாம் இரவு இடப்பக்கக் குழாயில் நீர் வருவது நின்று, குழாய் வெளிவரும் இடத்தைச் சுற்றி ஈரம் கசிந்தது. தந்த எண்ணை அழைத்தால் வரவேற்பறை, அங்கிருந்து வார்டு, வார்டிலிருந்து "காலையில் ஓபிக்கு வாங்கம்மா". காலையில் பார்த்தால் குழாயில் உறைந்த சிறு துணுக்கு ஒன்று அடைத்திருந்தது. விரலால் நீவி இறக்கினார்கள், இரண்டு நிமிட வேலை. அதை எனக்கோ என் கணவருக்கோ முன்பே காட்டியிருந்தால் ஓர் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டியிருந்திருக்காது.

இன்னொன்று பில். மதிப்பீட்டுத் தாளில் இல்லாத 18 சதவீத ஜிஎஸ்டி இறுதிக் கணக்கில் இருந்தது. மருத்துவ சேவைக்கு வரி இல்லை, அழகுக்கான அறுவை சிகிச்சைக்கு உண்டு. குடலிறக்கப் பகுதிக்கு வரி போடவில்லை, தசையைத் தைத்து தோலை அகற்றிய பகுதிக்குப் போட்டார்கள். காப்பீட்டு நிறுவனமும் அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு, குடலிறக்கத்துக்கு மட்டும் பணம் தந்து மற்றதை அழகு சிகிச்சை என விலக்கியது. இரண்டு குழந்தைகளைச் சுமந்ததால் வந்த பாதிப்பு எந்த வகையில் அழகுப் பிரச்சினை என்று பில் பிரிவில் அரை மணி நேரம் வாதாடினேன். பக்கத்தில் நின்ற பாட்டி எனக்காகத் தலையாட்டினாரே தவிர வேறு பயனில்லை. வரி விதி மருத்துவமனை போட்டதன்று. அதை முதல் தாளிலேயே காட்டாதது அவர்கள் தவறு.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. கடைசி ஸ்கேனில் இடைவெளி 8 மில்லிமீட்டர்; ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துப் படியேற முடிகிறது. தழும்பு புடவைக் கட்டுக்குள் அடங்கிவிடுகிறது. தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அளவு இடம் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. சூடான துணி பட்டால்கூடத் தெரிவதில்லை. உணர்ச்சி திரும்ப ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், ஒரு சிறு பகுதி திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் அந்த வெள்ளைத்தாளிலேயே எழுதித் தந்திருந்தார். ஆகவே அதைக் குறைக் கணக்கில் சேர்க்கவில்லை.