கேள்வி கேட்காத நிறுவல்: எந்த விடைக் கோப்பு எங்கே தடுக்கி நிற்கிறது?

இயங்குதளத்தை நிறுவும்போது நிறுவி கேட்கும் கேள்விகளுக்கு விடைகளை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் விடைக் கோப்பு. அப்படி ஒன்றை மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) பதினோரு முறை ஓட்டிப் பார்த்தேன். பதினோரு முறையும் ஒரு விசையைக்கூடத் தொடாமல் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கி (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு தொகுப்பு) தானாக நிறுவிக்கொண்டது. அந்தத் தெம்பில், மேசைக் கணினி ஒன்றில் அதே கோப்பை ஓடவிட்டு உறங்கப் போனேன். காலையில் வந்து பார்த்தால் திரையில் ஒரு சாம்பல் பெட்டி: இந்த வட்டில் பழைய எல்விஎம் (வட்டைப் பகுதிகளாக நிர்வகிக்கும் முறை) அமைப்பு இருக்கிறது, நீக்கிவிடலாமா? இரவு முழுவதும் அந்தக் கேள்வியோடு கணினி விழித்துக்கொண்டிருந்திருக்கிறது. தூங்கியவன் நான்தான்.

கோப்பில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. வெற்று வட்டோடு பிறக்கும் மெய்நிகர் கணினியில் அந்தக் கேள்வி எழவே எழாது. ஏற்கெனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்த வட்டில்தான் எழும். அதற்கென்று தனியாக ஒரு வரி உண்டு, நான் அதை எழுதவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து வெவ்வேறு இயங்குதளங்களின் விடைக் கோப்பு முறைகளை ஒப்பிடும்போது, எழுதும் வடிவத்தில் யாமல் அழகா எக்ஸ்எம்எல் அழகா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. எதிர்பாராத ஒன்று குறுக்கே வந்தால் இது நின்று கேட்குமா, கேட்காமல் வட்டைத் துடைத்துவிடுமா? நான் பார்ப்பது அதை மட்டும்தான்.

டெபியனின் பிரிசீட் முறையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதனோடுதான் அதிகம் மல்லுக்கட்டியிருக்கிறேன். நிறுவி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு உரிய நிரல், அந்தப் பெயர், விடையின் வகை, விடை என்று நான்கு பத்திகளை ஒரே வரியில் எழுத வேண்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பிழைச் செய்தி வராது. அந்த விடை கேட்பாரற்றுக் கிடக்கும், கேள்வி திரைக்கு வந்துவிடும். விடைக் கோப்பைப் பிணையத்திலிருந்து எடுப்பதென்றால் இன்னொரு முடிச்சு. பிணையம் கிடைத்த பிறகுதான் கோப்பு கிடைக்கும், ஆனால் மொழியும் விசைப்பலகையும் அதற்கு முன்பே கேட்கப்படும். அவற்றின் விடைகளைக் கர்னல் கட்டளை வரியிலேயே (கணினி எழும்போது இயங்குதளத்தின் மையத்துக்குக் கொடுக்கும் வரி) கொடுக்க வேண்டும், அல்லது ‘ஆட்டோ’ என்ற அளபுருவைச் சேர்த்து அந்தக் கேள்விகளைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். வட்டைப் பிரிக்கும் செய்முறை வரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்த அளவு, முன்னுரிமை, அதிக அளவு என மூன்று எண்கள். நடுவில் இருக்கும் முன்னுரிமை எண் எப்படி வேலை செய்கிறது என்று ஒவ்வொரு முறையும் புதிதாகப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

இத்தனை திட்டினாலும் பிரிசீடிடம் ஒரு நல்ல குணம் உண்டு. பெரும்பாலும் அது கேட்டுத்தான் தோற்கிறது. என் தூக்கம்தான் வீணாயிற்று, பழைய வட்டில் ஒரு பைட்டுகூட அழியவில்லை.

ரெட் ஹாட் லினக்ஸ் குடும்பத்தின் விடைக் கோப்பு முறையான கிக்ஸ்டார்ட் எழுதுவதற்கு இதைவிடப் பல மடங்கு சுகம். ஒரு கணினியில் கையால் நிறுவி முடித்தால், கொடுத்த விடைகளையெல்லாம் தொகுத்து அனகோண்டா நிறுவி ரூட் (முழு அதிகாரம் கொண்ட) பயனரின் கோப்பகத்தில் ஒரு கோப்பாக வைத்துவிடுகிறது. அதை எடுத்துத் திருத்தினால் அடுத்த கணினிக்கு விடைக் கோப்பு தயார். இலக்கணப் பிழைகளை முன்கூட்டியே பிடிக்க ஒரு சரிபார்ப்புக் கருவியும் உண்டு. ‘ஓஇஎம்டிஆர்வி’ என்று பெயரிட்ட யுஎஸ்பி வட்டில் கோப்பை வைத்தால், கர்னல் வரியில் கை வைக்காமலே நிறுவி அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஆனால் பழைய பிரிவுகளையெல்லாம் அழிக்கச் சொல்லும் கட்டளையை எந்த வட்டில் என்று வரையறுக்காமல் எழுதிப் பாருங்கள். கணினியில் உள்ள எல்லா வட்டுகளும் அதற்கு இரைதான். ஒரே வட்டுள்ள மெய்நிகர் கணினியில் அந்த வரி சாது. இரண்டாவது வட்டில் பத்தாண்டுப் படங்களை வைத்திருப்பவரின் மேசைக் கணினியில் அதே வரி புலி. இந்த வட்டை மட்டும் பயன்படுத்து என்று கட்ட ஒரு கட்டளை இருக்கத்தான் செய்கிறது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்புகளில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

உபுண்டு வழங்கியும் முன்பு பிரிசீடைத்தான் நம்பியிருந்தது. 2020 ஏப்ரலில் வந்த 20.04 சர்வர் பதிப்பில் யாமல் வடிவ ஆட்டோஇன்ஸ்டால் வந்தது. 23.04 பதிப்பில் மேசைக் கணினி நிறுவியும் அதே வடிவத்துக்கு வந்து சேர்ந்தது. யாமலின் உள்தள்ளல் தொல்லை இங்கும் உண்டு. இரண்டு இடைவெளி தவறினால் ஒரு பகுதி இன்னொன்றின் வயிற்றுக்குள் போய்விடும்.

இருந்தும் இந்த முறையை வடிவமைத்தவர்கள் யாரோ ஒரு வட்டைப் பறிகொடுத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விடைக் கோப்பு கச்சிதமாக இருந்தாலும், கர்னல் வரியில் ‘ஆட்டோஇன்ஸ்டால்’ என்ற சொல் இல்லையென்றால், வட்டைத் தொடுவதற்கு முன் நிறுவி ஒரு முறை நின்று சம்மதம் கேட்கும். மறதியாகச் செருகி வைத்த யுஎஸ்பியிலிருந்து கணினி எழுந்துகொண்டாலும் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. எந்த வட்டு என்பதையும் லினக்ஸ் வட்டுகளுக்கு இடும் எஸ்டிஏ, விடிஏ என்ற பெயர்களால் சுட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மிகப் பெரிய வட்டு, இந்த வரிசை எண் கொண்ட வட்டு என்று அடையாளம் சொல்லலாம். மெய்நிகர் கணினியில் விடிஏ என்று வருவது மேசைக் கணினியில் எஸ்டிஏ ஆகிறது, புதிய கணினியில் என்விஎம்இ என்ற வேக வகை வட்டு முற்றிலும் வேறு பெயரில் வருகிறது. பெயரை நம்பி எழுதிய கோப்பு கணினி மாறியதும் காலை வாரிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. எந்தப் பகுதியை மட்டும் மனிதரிடம் கேட்க வேண்டும் என்று கோப்பிலேயே குறிப்பிடலாம். மொழி, பயனர், நேர மண்டலம், மென்பொருள்கள் எல்லாம் தானாக நடக்கட்டும், வட்டு மட்டும் என் கண் முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து மேசைக் கணினிகளுக்கு இதற்கு மேல் தானியக்கம் வேண்டியதில்லை என்பது என் கட்சி.

விண்டோஸ் தனி உலகம். விஸ்டாவிலிருந்து எக்ஸ்எம்எல் விடைக் கோப்புதான், யுஎஸ்பியின் மேல்மட்டத்தில் உரிய பெயரில் வைத்தால் நிறுவி எடுத்துக்கொள்கிறது. நிறுவல் ஏழு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சாதாரண நிறுவலுக்கு அவற்றில் மூன்றைத் தொட்டால் போதும், ஆனால் எந்த அமைப்பு எந்தக் கட்டத்தில் செல்லும் என்று தெரியாமல் எழுதினால் அது வேலை செய்யாது. வட்டுக்கு எண் 0, துடைத்துவிடு என்று இரண்டு வரி எழுதினால் சம்மதம் எதுவும் கேட்காமல் துடைக்கிறது. பயாஸ் (கணினியை எழுப்பும் பழைய முறை) கணினிக்கு எழுதிய பிரிவு அமைப்பு யுஇஎஃப்ஐ (புதிய முறை) கணினிக்குப் பொருந்தாது. கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க முறை) மெய்நிகர் கணினியில் விர்ட்ஐஓ (மெய்நிகர் வகை) வட்டுக்கான டிரைவரை முதல் கட்டத்திலேயே கொடுக்காவிட்டால் வட்டுப் பட்டியல் காலியாக நிற்கும். அது பரவாயில்லை, அழிக்க எதுவும் இல்லை. கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். மறைத்து வைக்கச் சொன்னால் கோப்பில் புரியாத எழுத்துகளாகத் தெரியும், ஆனால் அது பேஸ்64 குறியீடுதான், பூட்டு அல்ல. யுஎஸ்பியைக் கையில் எடுக்கும் யாரும் ஒரு நொடியில் படித்துவிடலாம்.

சூசே வழங்கியில் 15 வரிசைப் பதிப்புகள் வரை இருந்த ஆட்டோயாஸ்டும் எக்ஸ்எம்எல்தான். அந்தப் பதிப்புகளிலேயே இருப்பவர்கள் அதைக் கற்றுக்கொள்ளலாம், மற்றவர்கள் அதற்காக மெனக்கெடத் தேவையில்லை.

இதுவரை சொன்ன எதுவும் மெய்நிகர் கணினிகளுக்குத் தேவையா? பெரும்பாலும் இல்லை என்பேன். லினக்ஸ் வழங்கிகளே வெளியிடும் கிளவுட் படிமத்தை (ஏற்கெனவே நிறுவி முடித்த வட்டின் நகல்) எடுத்து, அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் நிரல் படிப்பதற்கு ஒரு சிறு கோப்பைக் கொடுத்தால் போதும். முதல் முறை எழும்போதே பயனர், திறவுகோல், கணினிப் பெயர் எல்லாம் அமைந்துவிடும், வட்டின் அளவுக்கு, இயங்குதளம் இருக்கும் ரூட் பிரிவும் விரிந்துகொள்ளும். நிறுவலே நடக்காத இடத்தில் நிறுவலைத் தானியக்கமாக்குவானேன்? வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்ய வேண்டும், பிரிவுகள் தனி விதமாக வேண்டும் என்றால் மட்டும் நிறுவியிடம் திரும்புகிறேன்.

படிமங்களுக்கும் ஒரு பொறி உண்டு, அதில் விழுந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கையால் அமைத்த உபுண்டு மெய்நிகர் கணினி ஒன்றை மூன்றாக நகலெடுத்தேன். மூன்றும் ஒரே ஐபி முகவரிக்கு அடித்துக்கொண்டன. பிணைய அட்டைகளின் மேக் முகவரிகள் வேறு வேறுதானே என்று நெடுநேரம் தலையைச் சொறிந்தேன். உள்ளே இருந்த கணினி அடையாள எண் மூன்றிலும் ஒன்றே. ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரிடம் தன்னை இன்னாரென்று சொல்ல அந்த எண்ணிலிருந்து பிறந்த அடையாளத்தைத்தான் ஒவ்வொன்றும் காட்டியது, சர்வரும் ஒரே ஆள் மூன்று முறை வந்ததாக எடுத்துக்கொண்டது. நகலெடுப்பதற்கு முன் அந்த எண் இருக்கும் கோப்பைக் காலி செய்ய வேண்டும், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வர் திறவுகோல்களையும் நீக்கிப் புதிதாக உருவாக வழி செய்ய வேண்டும். விண்டோஸில் இந்தத் துப்புரவைச் சிஸ்பிரெப் என்ற கருவி செய்கிறது.

இப்போதும் மேசைக் கணினிக்கான விடைக் கோப்பை மெய்நிகர் கணினியில்தான் சோதிக்கிறேன். ஆனால் அந்தக் கணினியை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கிறேன். யுஇஎஃப்ஐயில் எழுகிறது. முதல் வட்டு என்விஎம்இ வகை, அதில் பழைய எல்விஎம். இரண்டாவது வட்டில் ஒரே ஒரு உரைக் கோப்பு. நிறுவல் முடிந்ததும் முதலில் அந்த இரண்டாவது வட்டைத்தான் திறந்து பார்க்கிறேன்.