650 பவுண்டுக்குப் பழுப்புச் சாயம்: பழைய பேக்கலைட் வானொலி வாங்குவோர் கவனத்திற்கு

நான்கு நாட்களுக்கு முன்பு லண்டனில் பழம்பொருள் கடை ஒன்றில் 650 பவுண்டு கொடுத்து நான் வாங்கி வந்த எக்கோ ஏடி65 வானொலியின் கூடு, அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்கான பேக்கலைட்டே அல்ல. அது ரெசினை அச்சில் வார்த்து, மேலே பழுப்புச் சாயம் பூசிய போலி.

இந்த மாடலுக்காகவே பல மாதங்கள் அலைந்திருக்கிறேன். வெல்ஸ் கோட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, இங்கிலாந்தின் சவுத்எண்டில் இயங்கிய ஈ.கே.கோல் நிறுவனம் 1934-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டி இது. மரத்தச்சர் செய்த அலமாரியைப் போலவே வானொலிகள் பெரும்பாலும் வந்துகொண்டிருந்த காலத்தில், உள்ளிருக்கும் ஒலிபெருக்கி வட்டமானதுதானே என்று முழுப் பெட்டியையும் வட்டமாக்கி, நிலையங்களின் பெயர்களை அதற்கு மேலே வில்லாக வளைத்து வைத்தார் அவர். பேக்கலைட்டை அச்சில் அழுத்தி எடுக்க முடிந்ததால்தான் அந்த வடிவம் சாத்தியமாயிற்று. ஆகவே, கூடு போலி என்றால் எனக்கு அதில் மிச்சம் ஒன்றுமில்லை.

கடைக்காரர் பின்பக்க அட்டையைத் தாமே கழற்றி, உள்ளிருக்கும் வால்வுகள் எனப்படும் கண்ணாடிக் குழாய்களைக் காட்டினார். அவை அசல்தான், அவற்றைப் பார்த்த மகிழ்ச்சியில் கூட்டின் உட்புறத்தைக் கவனிக்கத் தவறினேன். "அவசரமே இல்லை, வெளியே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு யோசித்து வாருங்கள்" என்றார். ஏமாற்ற நினைப்பவர் அவகாசம் கொடுப்பாரா என்று எண்ணி, தேநீர்கூடக் குடிக்காமல் 650 பவுண்டையும் அங்கேயே கட்டினேன்.

வீட்டில் வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்தபோது துணியில் பழுப்பு ஒட்டியது. அடிப்பாகத்தில் சாயம் போன இடத்தில் வெளிறிய சாம்பல் நிறம் தெரிந்தது. உட்சுவரில் தூரிகைத் தடம்கூட இருந்தது. அசல் பேக்கலைட்டில் நிறம் பொருளோடு கலந்தே இருக்கும், சுரண்டினாலும் உள்ளே அதே பழுப்புதான்.

தொலைபேசியில் கேட்டபோது முதலில் "அது பழைய சிகரெட் புகைக் கறை" என்றார். மறுநாள் நான்தான் ஏதோ ஊற்றிக் கெடுத்துவிட்டதாகச் சொன்னார். மூன்றாம் நாள் நேரில் போனால், முதலாளி வெளியூரில் இருப்பதாக ஒரு பையன் சொல்லிவிட்டு, "ரசீதைப் படித்தீர்களா?" என்று கேட்டான். படித்தேன். "பழைய வானொலி, பழுப்பு" என்று மட்டுமே அதில் இருந்தது. பேக்கலைட் என்ற சொல்லே இல்லை.

உடைந்த பேக்கலைட்டை மறுபடி உருக்கி வார்க்க முடியாது என்பதால் மாற்றுக் கூடுகள் செய்யப்படுவதில் தவறில்லை. அதை மாற்று என்று சொல்லி விற்கட்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது: கூட்டின் மறைவான ஓரத்தைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், பழைய கார்பாலிக் சோப்பின் வாடை வர வேண்டும், என் பெட்டியில் வார்னிஷ் வாடைதான் வந்தது. உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ரசீதில் "அசல் பேக்கலைட் கூடு" என்று எழுதி வாங்காமல் 650 பவுண்டு அல்ல, 6 பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள்.