₹32,500-க்கு ஸ்டிக்கர் கிருஷ்ணர்: ஆர்ட் வால் ஆர்டர் கொடுப்பவர்கள் ஒரு நிமிஷம் படியுங்கள்

ஆர்ட் வால், அதாவது ஒரே சுவரில் பல படங்களைத் தொகுத்து மாட்டுவது. ஹால் சுவரை அளவெடுத்து, படம் தேர்ந்தெடுத்து, ஃபிரேம் போட்டு, மாட்டியும் கொடுக்கிறோம் என்று இன்ஸ்டாவில் கடை விரித்திருக்கும் ஒரு பக்கத்திடம் என் பணம் ₹32,500 போயிருக்கிறது. பெயர் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வந்து உட்காருவார்கள். ஏமாற்றுகிற விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், அது மாறாது.

பேசியது இதுதான். மொத்தம் 9 படம். நடுவில் 18-க்கு 24 இன்ச் தஞ்சாவூர் ஓவியம், தவழும் கிருஷ்ணர், 22 காரட் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு), தேக்கு ஃபிரேம். சுற்றி 12-க்கு 18 இன்ச்சில் 8 பிரிண்ட். ஃபிட்டிங் சேர்த்து ₹32,500. பாதி முன்பணம், மீதி பார்சல் கிளம்பும் முன்னால்.

மீதியை எப்படிக் கறந்தார்கள் என்பதுதான் முக்கியம். வீடியோ கால் போட்டு வேலை நடக்கிற பலகையைக் காட்டினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. பிளைவுட்டின் மேல் காடாத் துணி ஒட்டி, சுக்கான் (சுண்ணாம்புக் கல்) மாவும் கோந்தும் பூசித் தேய்த்த தளம். கிரீடத்தில் கல் பதித்து, சுற்றிலும் சுக்கான் விழுதால் மேடு எழுப்பி, அதன்மேல் ரேக்கை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். அசல் தஞ்சாவூர் வேலை. அதோடு விட்டார்களா? பலகையைத் திருப்பி, பென்சிலால் ஆர்டர் நம்பரை எழுதிக் காட்டி, “அக்கா, இது உங்க படம். வேற யாருக்கும் போகாது”. அந்தப் பென்சில் எழுத்துக்குத்தான் மீதிப் பணம் போனது.

வந்தது வேறு. பின்பக்கம் பிரவுன் பேப்பர் ஒட்டி, “கழட்டினா வாரண்டி போயிடும்” என்று ஸ்டிக்கர். மழை ஆரம்பித்ததும் கிரீடத்தின் ஓரம் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விட்டது. தங்க ரேக்கு இப்படிக் கறுக்காது. கறுப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகடு, ஈரக்காற்று பட்டால் ஓரத்திலிருந்து தொடங்கும். நேற்று பின்பக்கத்தைப் பிரித்தாயிற்று. பிளைவுட் இல்லை, துணி இல்லை, ஆர்டர் நம்பரும் இல்லை. வெள்ளை சன்போர்டில் (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) ஒட்டிய வினைல் பிரிண்ட், நாலு ஸ்டேப்பிள் பின். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கிருஷ்ணர் கன்னத்தில் நீலமும் சிவப்புமாக அச்சுப் புள்ளி. மேடாகத் தெரிந்த இடமெல்லாம் பசைத் துப்பாக்கி வேலை. நகத்தால் அழுத்தினால் ரப்பர் மாதிரி அமுங்குகிறது. சுக்கான் மேடு கல் போல இருக்கும், அமுங்கவே அமுங்காது.

மற்ற எட்டும் அதே லட்சணம்தான். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படங்களை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். நீளவாக்கில் 1600 பிக்சல் இருக்கும் படத்தை 18 இன்ச்சுக்கு இழுத்தால் இன்ச்சுக்கு 90 புள்ளிகூடத் தேறாது. கிட்டத்தில் நின்று பார்க்கிற படத்துக்கு 300 வேண்டும், போகட்டும், 200-ஆவது வேண்டும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி விட வைக்கிற மவுண்ட் அட்டையும் கிடையாது. காகிதம் நேராகக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, இரண்டு படத்தில் ஈரம் கோத்துத் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொண்டது. இனி பிரித்தால் மையோடு உரியும்.

ஃபிட்டிங் என்று வந்த பையன் டிரில்லே கொண்டுவரவில்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு பக்க டேப். நம் சுவரில் பூச்சுக்கு மேல் புட்டி, அதற்கு மேல் பிரைமர், பெயின்ட். டேப் பிடிப்பது பெயின்ட் தோலை மட்டும்தான். கண்ணாடி போட்ட ஃபிரேம் புட்டியோடு பெயர்த்துக்கொண்டு விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை.

கேட்டதற்கு வந்த பதில்கள்: “உங்க சுவத்துல ஈரம் இருக்கு மேடம்.” (அதுவரை அக்கா!) “அன்பாக்சிங் வீடியோ 48 மணி நேரத்துல அனுப்பியிருக்கணுமே.” “ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்கார்.” “தங்கம்னா பாலிஷ் மங்கத்தான் செய்யும்.” பிரித்தெடுத்த சன்போர்டை போட்டோ பிடித்து அனுப்பியதும், “நீங்களே கழட்டிட்டீங்க, வாரண்டி கிடையாது”. அதோடு பிளாக். ₹32,500! இந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஓவியரிடம் நேரில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அவர்கள் பக்கத்தில் கமென்ட் போடவும் வழியில்லை, மூடி வைத்திருக்கிறார்கள்.

ஆர்ட் வாலை ஒழுங்காக அமைப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது.

தஞ்சாவூர் ஓவியம் என்றால் ஃபிரேம் போடும் முன் பலகையின் ஓரத்தையும் முதுகையும் பாருங்கள். பிளைவுட் அடுக்கும் துணி விளிம்பும் தெரிய வேண்டும். புவிசார் குறியீடு இருக்கிறது என்று அட்டை நீட்டினால் மயங்க வேண்டாம், அந்த அட்டையையும் பிரிண்ட்தான் போடுகிறார்கள். “22 காரட் தங்க ரேக்கு” என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரிண்டுக்கு மவுண்ட் அட்டை கட்டாயம். படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. முதுகுக்கு சாதா எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வைத்தால் மழைக்கு உப்பும், வெளிச்சுவர் என்றால் வேண்டவே வேண்டாம்.

மாட்டுவதற்கு 6 மி.மீ. டிரில் பிட், பிளாஸ்டிக் பிளக், ஸ்க்ரூ. கனமான படத்துக்கு இரண்டு இடத்தில். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போடாதீர்கள், ஒயர் போகும். முதலில் நியூஸ்பேப்பரை ஃபிரேம் அளவுக்கு வெட்டி ஒட்டிப் பாருங்கள். படத்துக்குப் படம் 2 இன்ச் இடைவெளி, மொத்தத் தொகுப்பின் நடு தரையிலிருந்து 57 இன்ச் பக்கம் வந்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும்.

பொருளே வராமல் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. மட்டமான பொருள் வந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, புகாரை இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ₹32,500-க்கு நாளை போடப்போகிறேன். சாட், யுபிஐ ரசீது, வீடியோ காலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். பிளாக் பண்ணுவதோடு நிற்காமல் அனுப்பிய மெசேஜையும் அழித்துவிடுகிறார்கள்.