காசல்ரீயில் மூன்று வருடம்: படகுத் தூரத்தை எதால் அளந்தால் சரிவரும்?

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிறேன். தங்கச்சி வீடு காசல்ரீ டேமுக்கு, அதாவது நீர்த்தேக்கத்துக்கு, அந்தப் பக்கம். பாதையால் போனால் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பஸ்ஸும் நினைத்த நேரத்துக்கு வராது. அதனால் சின்ன இஞ்சின் பூட்டிய போட்தான். எவ்வளவு தூரம், எவ்வளவு பெற்றோல் என்ற கணக்கு மூன்று வருடமாகத் தலைக்குள் ஓடுகிறது.

முதலில் நம்பியது போனிலுள்ள மேப்பை. ஓரிடத்தை அழுத்திப் பிடித்து, முனைகளைச் சுற்றிப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் தூரம் காட்டும். தங்கச்சி வீட்டுத் துறைக்கு 1.1 கிலோமீற்றர் என்றது. தண்ணி நிறைந்திருந்த ஆடி மாதத்தில் அது ஏறக்குறைய சரி. அந்தத் துணிச்சலில் மார்ச் மாதம் டேமின் மேல் கையில், அதாவது ஆறு வந்து சேரும் பக்கம் நீண்டிருக்கும் கிளையில், உள்ள ஒரு தோட்டத்துக்குக் கல்யாண வீட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு போனேன். மேப் சொன்னது 3.2. பாதித் தூரத்திலேயே போட் சேற்றில் குந்திவிட்டது.

பிறகுதான் புரிந்தது. இது கெசல்கமு ஓயா என்ற ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். தண்ணியை விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு விடுகிறார்கள். மழையும் குறைந்தால் கரை உள்ளே உள்ளே போகும். மேப்பிலோ எப்போதும் நிறைகுளம்தான். தண்ணி வற்றிய காலத்தில் போட் ஓட ஆழமிருப்பது பழைய ஆறு ஓடிய தடத்தில் மட்டும். ஆறு வளைந்த இடமெல்லாம் நாமும் வளைய வேண்டும். அன்றைக்குப் போய்ச் சேர்ந்தபோது 4.7 ஆகியிருந்தது. கடைசித் துண்டு துடுப்புப் போட்டதுதான், பெற்றோல் முடிந்துவிட்டது. பக்கத்து நீர்த்தேக்கமான மவுசாகலையில் தண்ணி இறங்கும்போது, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாக் கோயில் வெளியே வருவதைப் பார்த்தவன், இதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்தது, போன தடத்தைப் பதியும் ஜீபீஎஸ் ஆப். டேட்டா இல்லாமலும் வேலை செய்யும், மேப்பை மட்டும் வீட்டில் இறக்கிக்கொண்டு போனால் போதும். வானம் திறந்திருந்தால் ஐந்து மீற்றருக்குள் இடம் காட்டுகிறது. இடத்துக்கு நம்பலாம். தூரத்துக்கு இரண்டு குறை. தூண்டில் போட்டுச் சும்மா இருந்த ஒரு மணி நேரத்தில் நான் நூற்றுக்கணக்கான மீற்றர் "போயிருந்தேன்": புள்ளி அங்குமிங்கும் துள்ளுவதையெல்லாம் கூட்டிவிடும். பற்றரியை மிச்சம் பிடிக்க அரை நிமிடத்துக்கொரு புள்ளி என்று வைத்தாலோ வளைவுகளை வெட்டிக் குறைத்துவிடும். ஐந்து செக்கனுக்கு ஒன்று, நின்றால் பதிவையும் நிறுத்துவது என்று வைத்த பிறகு ஒழுங்காக இருக்கிறது.

தங்கச்சி வீட்டுத் துறை எத்தனை கட்டை, அதாவது மைல், என்று போட் ஓட்டும் மாமாவிடம் ஒருதடவை கேட்டேன். "எத்தனை கட்டைன்னு எனக்கு என்னத்த தெரியும் தம்பி, ரெண்டு வெத்தல போட்ற நேரம்" என்றார். கைக்கடிகாரத்தில் பார்த்தால் ஒரு வெற்றிலைக்கு ஆறு நிமிடம். மணிக்கு 6 கிலோமீற்றர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 100 மீற்றர். இரண்டு வெற்றிலைக்கு 1.2. மோசமில்லை. ஆனால் எதிர்க்காற்று அடிக்கும் பின்னேரங்களில் வெற்றிலை தீர்ந்துவிடும், கரை வராது.

இப்போது அதிகம் பயன்படுவது கட்டைவிரல். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி விரலைக் கரையிலுள்ள ஃபெக்டரியின் ஓரத்தில் வைப்பேன். கண்ணை மாற்றினால் விரல் நகரும். நகர்ந்த அளவைப் பத்தால் பெருக்கினால் தூரம். ஃபெக்டரி 60 மீற்றர் நீளம் என்று வைத்து, விரல் ஒன்றரை ஃபெக்டரி நகர்ந்தால் 900 மீற்றர். லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, வைத்தும் பார்க்கலாம், நீளத்தை மட்டும் முதலில் நடந்து அளந்துகொள்ள வேண்டும். மூடுபனியில் இது சரிவராது. வெறுங்கண் மதிப்பீட்டையும் பனியில் நம்பாதீர்கள், கரை தள்ளியிருப்பதுபோல் தெரியும். மழை விட்டுக் காற்று கழுவிவிட்ட காலையிலோ சிவனொளிபாதமலையே பக்கத்தில் வந்து நிற்கும்.

கொப்பியில் இப்போது ஒவ்வொரு துறைக்கும் இரண்டு எண்: நிறைதண்ணிக்கு ஒன்று, வற்றுக்கு ஒன்று. தங்கச்சி வீடு 1.1, 1.6. மேல் கை 3.2, 4.7. பெற்றோல் இரண்டாவது எண்ணுக்குத்தான், எந்த மாதமானாலும். துடுப்பும் போட்டிலேயே கிடக்கிறது.