மாட்டிறைச்சிச் சட்டியில் கொலாஜனும் இலாஸ்டினும்

கல்முனைப் பக்கம் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள், இணைப்பிழையத் தாயத்தில், அதாவது உடம்பின் பாகங்களை இணைத்துத் தாங்குகிற இழையத்தில் கலங்களுக்கு இடையே இருக்கும் பொருளில், என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் கொலாஜன், இலாஸ்டின், புரோட்டியோகிளைக்கன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்றால்தான் முழிப்பார்கள். குசினியிலேயே மூன்றையும் பார்க்கலாம்.

உம்மா மாட்டுக்கால் இறைச்சி ஆக்கும்போது வெள்ளையாக மினுங்கும் பட்டி ஒன்று வரும். நாம் நரம்பு என்போம், உண்மையில் அது தசைநாண், அதன் புரதத்தில் பெரும்பங்கு கொலாஜன். மூன்று இழை முறுக்கிய கயிறு, ஒவ்வொரு இழையிலும் மூன்று அமினோ அமிலத்துக்கு ஒன்று கிளைசின், ஏனென்றால் முறுக்கின் நடுவில் அதைவிடப் பெரிய அமினோ அமிலத்துக்கு இடமில்லை. இரண்டு மூன்று மணித்தியாலம் அவிந்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்த ஆணம் காலையில் கட்டியாகக் கிடப்பது அதனால்தான். மீனுடைய கொலாஜன் இன்னும் குறைந்த சூட்டிலேயே அவிழும், அதனால் மீன் ஆணத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

அதே சட்டியில் மாட்டின் பிடரியில் இருக்கிற மஞ்சள் பட்டி விழுந்திருந்தால், விறகு தீர்ந்தாலும் அது மசியாது. அதுதான் இலாஸ்டின். லைசின் என்ற அமினோ அமிலம் நான்கு சேர்ந்து போட்ட முடிச்சுகள் அதற்குள் இருக்கின்றன, கொதிநீர் அதை அவிழ்க்காது. கொலாஜன் நீளாமல் தாங்கும், இலாஸ்டின் ஒன்றரை மடங்கு நீண்டாலும் பழைய அளவுக்குத் திரும்பும், பெருநாடி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குவது அதனால்தான்.

மூன்றாவதைப் பார்க்கத் திருக்கை வாங்குங்கள். அதன் முள் எல்லாம் குருத்தெலும்பு. இரண்டாம் வகைக் கொலாஜன் வலைக்குள் கொண்ட்ரோயிற்றின் சல்பேற்று என்ற சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும் புரதம்தான் புரோட்டியோகிளைக்கன், அதன் எதிர் மின்னேற்றம் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. நமது முழங்கால் குருத்தெலும்பில் எடைக்கு முக்கால் பங்களவு தண்ணீர்தான், நசுக்கலைத் தாங்குவதும் அதுதான்.

சரி, எதைப் பத்திரமாகப் பார்க்க வேண்டும்? எல்லாரும் கொலாஜன் தூளைத்தான் தேடுகிறார்கள். குடித்தால் வயிற்றில் அது துண்டு துண்டாகச் செரிக்கும், அப்படியே போய்த் தோலில் ஒட்டாது. உடம்பு கொலாஜனைத் தானே நெய்யும், அதற்கு வைட்டமின் சி வேண்டும், வளவில் காய்க்கிற கொய்யாவில் அது தாராளமாக இருக்கிறது. என் கவலை இலாஸ்டினைப் பற்றித்தான். கருவிலும் சிறு வயதிலும் உருவானதை வைத்துத்தான் ஆயுள் முழுக்க ஓட்டுகிறோம், நுரையீரலில் இருப்பதைச் சிகரெட் புகை கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும், போனது நல்லபடி திரும்ப வராது. கொலாஜன் தூள் என்ன விலை என்று மச்சான் கேட்டபோது, முதலில் அந்தச் சிகரெட்டை விடு என்றேன்.